பெயரை மூடிப் பார்த்த படம்

எக்ஸ்ரே படத்தைக் கையில் வாங்கியதும் அக்கா முதலில் பெயர் எழுதிய மூலையைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வார். பிறகுதான் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்து மருத்துவமனை ஒன்றில் காது மூக்கு தொண்டை அறுவைப் பயிற்சியில் இருந்தது நாங்கள் இருவர்தான். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா. யாருடைய படம் என்று தெரிந்துவிட்டால் கண் பொய் சொல்லும் என்பார். ஒருவர் பார்க்கும்போது மற்றவர் முதுகு காட்டி நிற்க வேண்டும். இருவரும் பார்த்த பிறகு ஒரே நேரத்தில் விரல் நீட்ட வேண்டும். நெற்றி, கன்ன எலும்புகளுக்குள் இருக்கும் சைனஸ் அறையில் சீழ் என்றால் ஒரு விரல், பிறவியிலேயே அந்த அறை உருவாகவில்லை என்றால் இரண்டு. படத்தில் இரண்டுமே வெளுப்பாகத்தான் தெரியும். அதுதான் எங்கள் தலைவேதனை. பாதி நாள் விரல்கள் ஒத்துப்போகாது. நர்ஸுகள் சிரிப்பார்கள்.

செம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் விடாத தலைவலியோடு வந்தாள். படத்தில் இடது நெற்றி வெளுத்திருந்தது. சீழ் என்றால் புருவத்தின் மேல் கீறி எலும்பைத் துளைக்க வேண்டும். "தையில கல்யாணம் வெச்சிக்கீறோம் டாக்டரம்மா, நெத்தில கோடு வுழுந்தா இன்னா பண்றது?" என்று அவள் அம்மா அக்காவின் கையை விடவேயில்லை. நான் ஒரு விரல் நீட்டினேன், அக்கா இரண்டு. சில நாள் கழித்து வேறு படங்களோடு கலந்து வைத்து மறுபடி பார்த்தோம். இந்த முறை அக்கா ஒன்று நீட்டினார், நான் இரண்டு. அக்கா சிரித்துவிட்டார்.

"நீ என்னோட ஒத்துப்போகலன்னா பரவாயில்லப்பா. நானே என்னோட ஒத்துப்போகலையே."

பெரிய டாக்டர் அதற்குள் அறுவைக்கு நாள் குறித்துவிட்டார். தெரியவில்லை என்று அவரிடம் போய்ச் சொல்லும் தைரியம் எந்தப் பயிற்சி டாக்டருக்கும் கிடையாது. அக்கா சொன்னார். "சார், எங்களுக்குத் தெரியல. தெரியாம அந்தப் பொண்ணு நெத்தியில கை வைக்க வேணாம்." படித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று அவர் எரிந்து விழுந்தார். ஆனாலும் அறுவையைத் தள்ளிவைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார். தலைவலி அடங்கியது. தை மாதம் அந்தப் பெண் கோடில்லாத நெற்றியோடு மணையில் உட்கார்ந்தாள். பிறகு ஒருநாள் வந்து, இது எனக்கு எதற்கு என்று படத்தை அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். இப்போது எலும்பைத் துண்டு துண்டாகக் காட்டும் ஸ்கேன் வந்தும் பயிற்சி டாக்டர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பீரோவிலிருந்து அந்தப் பழைய படத்தை எடுத்துவந்தார். யாருடையது என்று தெரிந்தும் கட்டைவிரலால் பெயரை மூடினார். முறைப்படி முதுகு காட்டி நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தோம். விரல் நீட்டினோம்.

அவர் ஒன்று, நான் இரண்டு.

"இன்னும் தெரியல பாரு," என்றார் அக்கா. "நல்லவேளை, அந்த நெத்தியத் திறக்கல."