ஈரக்கை

ஈரக்கை என்ற பெயரை அண்ணி முதன்முதலில் கேட்டது வண்ணமீன் கடையில். தெருவைச் சொன்னதுமே கடைக்காரர், “அட, ஈரக்கை வீடா!” என்றார். கொழுந்தனுக்கு வீட்டில் ஒரு பெயர், வேலையிடத்தில் ஒரு பெயர், அவள் வாழ வந்த புதிதில் மாமியார் கூப்பிட்ட செல்லப்பெயர் ஒன்று. இது எதிலும் சேரவில்லை.

“எப்ப வந்தாலும் வலது கை நனைஞ்சே இருக்கும்மா. கை குடுத்தா செத்த மீனைப் பிடிச்ச மாதிரி ஜில்லுன்னு இருக்கும்.”

அவன் ஜன்னல் கண்ணாடி அறுக்கிறவன். போன வருஷம் ஒரு கண்ணாடிப் பலகை நழுவி வலது மணிக்கட்டில் இறங்கியது. காயம் ஆறிவிட்டது, விரல்கள் மடங்குகின்றன, தொட்டால்தான் தெரிவதில்லை. கொதிக்கிற டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பான். “கண்ணாடி எப்ப விட்டுக்குடுக்கும்னு விரல் நுனிதான் சொல்லணும் அண்ணி. அது ஊமையாயிட்டா நான் எதுக்கு?” என்பான். முதலாளி அவன் மேசையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. உணர்ச்சி திரும்பினால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

சும்மா இருந்த நாட்களில் தானே கண்ணாடி ஒட்டித் தொட்டி கட்டினான். உப்புத் தண்ணீர் நிரப்பி, ஒரு கடல்சாமந்தியை வாங்கி வந்து பாறைமேல் விட்டான். பார்வைக்குப் பூ, ஆனால் உயிருள்ள பிராணி. இதழ் மாதிரி ஆடுவதெல்லாம் விரல்கள், நடுவில் வாய். பால்வெள்ளையாக இருந்தது. “பொண்ணு பாருடான்னா பூவைக் கூட்டிட்டு வந்திருக்கான்,” என்று அண்ணன் சிரித்தார்.

அன்றைக்கே இறால் துண்டை விரலில் பிடித்து நீட்டினான். வெள்ளை விரல்கள் அவன் விரல்களில் ஒட்டி இழுத்தன. “அண்ணி!” என்று அலறினான். “சுருக்குன்னுது! எனக்குத் தெரியுது!” இரண்டு பேருமே அழுதார்கள்.

தீனி கொடுக்க வாங்கிய இடுக்கியை அதன்பின் தொடவே இல்லை. காலையில் இறால், மத்தியானம் இறால், விளக்கு வைத்ததும் இறால். அது விழுங்கியதை எல்லாம் மறுநாள் சளியாகக் கக்கியது. “பாவம், பசிக்குது,” என்று மறுபடி கையை விட்டான். அது கொட்டிக் கொட்டிக் கையெல்லாம் சிவந்து தடித்தது. அதைச் சொல்லி யோசனை கேட்கத்தான் அண்ணி கடைக்குப் போனாள்.

கடைக்காரர் முகம் மாறியது. “வெள்ளையா இருக்கிறது அழகு இல்லம்மா, அது சீக்கு. புதுசா வந்ததை நாலு நாள் சும்மா விடணும். அப்புறம் நகத்தளவு துண்டு, எப்பவாவது. இப்படித் திணிச்சா செத்துரும். கையை எடுக்கச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்தபோது அவன் தொட்டியருகே நாற்காலியில், கை முழங்கைவரை தண்ணீரில், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு சிரிப்பு.

“தம்பி, கடைக்காரர் என்ன சொன்னார்னா...”

“சத்தம் போடாதீங்க அண்ணி. இன்னிக்கு நல்லா பிடிச்சிருக்கு. கட்டைவிரல் வரைக்கும் தெரியுது. விடவே மாட்டேங்குது.”

அண்ணி குனிந்து பார்த்தாள். பாறை காலியாக இருந்தது. அந்தப் பிராணி ஊர்ந்து ஊர்ந்து தொட்டியின் மறுகோடிக்குப் போய், மூலைக் கண்ணாடியில் ஒட்டி, மூடிய முஷ்டி போலச் சுருங்கிக் கிடந்தது. அவன் விரல்களைச் சுற்றி வெறும் தண்ணீர். ஆனால் அந்த விரல்கள் மெல்ல மெல்ல இழுபட்டுக்கொண்டிருந்தன.

நனையத் தொடங்கியிருந்த அவன் சட்டைக்கையை இன்னும் ஒரு மடிப்பு மேலே ஏற்றிவிட்டாள். அவள் விரல் பட்டது அவனுக்குத் தெரியவில்லை.

கொழுந்தன் இப்போதும் கூடத்தில்தான் இருக்கிறான், தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில்.