வைரவர் மூலையில் ஊதாத ஹோர்ன்

ஓகஸ்ட் விடுமுறையில் தொடர்ந்து நான்கு நாள் லீவு கிடைத்தது. மனைவி வாசுகி நெல்லியடிக்காரி. கலியாணமாகித் திருகோணமலைக்கு வந்த பிறகு மணற்காட்டு மணல்மேடுகளைக் கண்ணாலும் காணவில்லை என்று வருடக்கணக்காகச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தாள். பாவித்த ஹைபிரிட் கார் ஒன்று வாங்கியும் விட்டோம், இனிச் சாட்டுச் சொல்ல வழியில்லை. வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம்.

கொடிகாமம் வரை இருநூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். பத்து மணியளவில் சந்தையடியில் ஒரு மாடு வீதிக்கு நடுவே நின்றது. ஹோர்னை அமத்தினேன், சத்தமே இல்லை. மாடு தானாக விலகிய பிறகு, தேத்தண்ணி குடிக்க வீதியோரம் நிறுத்த இடப்பக்கம் திருப்பும்போது ஏதோ நினைவில் மறுபடி அமத்த, அது முழுக்குரலில் அலறியது. வாழைக்குலையோடு சைக்கிளில் போன ஒருவர் திடுக்கிட்டு, என் பரம்பரையையே ஒருமுறை விசாரித்துவிட்டுப் போனார். ஹைபிரிட் கார் ஓட்டுபவர்களுக்குத் தெரியும், மெதுவாகப் போகும்போது இயந்திரம் நின்று பற்றரியில் ஓடும். பூனை நடப்பது போலத்தான். ஹோர்ன் இல்லையென்றால் அந்தக் கார் வருவது ஒருவருக்கும் தெரியாது. அன்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

வரணி வழியாக நெல்லியடிக்கு வந்து, வாசுகியின் சித்தி வீட்டில் பைகளைப் போட்டுவிட்டு உடனே மணற்காட்டுக்குப் புறப்பட்டோம். உள்வீதியால் பன்னிரண்டு கிலோமீற்றர் வரும். வல்லிபுரம் தாண்டியதும் வீடுகள் குறைந்து, இரண்டு பக்கமும் பனைகளும் ஓலை வேலிகளும்தான். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று விடாமல் அடித்தது. பனையோலைகள் உரசும் சத்தத்தில் காருக்குள் கதைப்பதே சரியாகக் கேட்கவில்லை. தார் வீதியைக் கடற்கரை மணல் மூடிக் கிடந்ததால் சில்லுகளின் சத்தமும் இல்லை.

ஓரிடத்தில் வீதி வலப்பக்கமாகச் சட்டென்று முறிகிறது. மூலையில் வேப்பமரம், அதன் கீழே ஒரு சூலம், கல் விளக்கு. சிறிய வைரவர் கோயில். அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாமல் வேலி மறைத்துவிடும்.

“ஹோர்ன் அடியுங்கோ. உந்த மூலையிலை எல்லாரும் வைரவருக்கு அடிச்சுப்போட்டுத்தான் திரும்புறவை” என்றாள் வாசுகி.

அமத்தினேன். ஊமை. இருவரும் சிரித்துக்கொண்டு திரும்பினோம். வேலியோரம் ஐம்பதைத் தொடாத ஒரு மனிதர், வெள்ளை வேட்டியும் மேலில் திருநீறுமாக நின்றார். காலடியில் ஒரு கறுப்பு நாய். நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது, குரைக்கவில்லை. உச்சி வெயில், அவரைத் தவிர மனித நடமாட்டமே இல்லை.

மாலையில் திரும்பி வரும்போது அங்கே யாரும் இல்லை. மூலையில் திருப்பிக்கொண்டே சும்மா அமத்திப் பார்த்தேன், அருமையாக ஊதியது. வாசுகி சிரிக்கவில்லை.

மணற்காட்டில் அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி இருந்தாள். சனி, ஞாயிறு மத்தியானச் சாப்பாடு தன் வீட்டில்தான் என்று பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். அதனால் சனிக்கிழமை காலை முதல் வேலையாக நெல்லியடியில் ஒரு கராச்சுக்குப் போனேன். சுரேன் என்ற கலகலப்பான பெடியன்தான் மெக்கானிக். முற்றத்தில் இடமில்லாமல் காரைக் கோணலாகச் சொருகி நிறுத்தினேன். அவர் பியூஸ் பார்த்தார், ரிலேயை மாற்றிப் பார்த்தார், ஹோர்னுக்குப் போகும் வயரின் முனையில் இருந்த துருவை உரஞ்சித் துடைத்தார். பிறகு அமத்த அமத்த ஊதியது.

“உப்புக் காத்துதான் அண்ணை. வேறையொண்டுமில்லை. நம்பிப் போங்கோ” என்றார்.

நம்பிப் போனேன். வைரவர் மூலையில் அமத்தினேன். ஊமை. அதே மனிதர், இம்முறை வேலியோரம் இல்லை, வீதி விளிம்பில். இரண்டு கைகளையும் கூப்பியபடி எங்கள் பக்கம் முகத்தை வைத்திருந்தார். நமக்கு வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து நானும் கையைக் காட்டினேன். பதிலுக்கு முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கார் அவரை உரசுவது போலக் கடந்தது.

“உவர் நேற்று வேலியோடை எல்லே நிண்டவர்?” என்றாள் வாசுகி.

ஞாயிற்றுக்கிழமை சோளகம் இன்னும் பலமாக அடித்தது. மனம் சரியில்லாததால் மூலைக்கு முன்னாலேயே வேகத்தை நன்றாகக் குறைத்தேன். கார் சத்தமில்லாமல் பற்றரிக்கு மாறியது. அமத்தினேன், ஊதவில்லை. திரும்பினேன். அவர் நடு வீதியில் நின்றார்.

பிரேக்கை மிதித்த மிதியில் மணலில் சறுக்கிக்கொண்டு போய், அவருக்கும் காருக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லாமல் நின்றது. அவர் அசையவில்லை. மெல்லக் கையை நீட்டினார். விரல்கள் காற்றைத் தடவி வந்து சூடான பொனற்றில் பட்டு அப்படியே நின்றன.

“வந்திட்டியளோ?” என்றார்.

அவருக்குக் கண் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவைத் திறந்து இறங்கி ஓடினேன்.

“அண்ணை, இது கார் அண்ணை! ஏன் நடுவிலை நிக்கிறியள்?”

“காரோ?” கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அந்த முகத்தில் பயம் இல்லை, பெரிய ஏமாற்றம்தான் இருந்தது. “கார் எண்டால் மூலையிலை ஹோர்ன் அடிப்பினம். சத்தம் கேட்டால் நான் ஒதுங்கிடுவன். இது சத்தமில்லாமல் வந்து போகும். காத்து மட்டும் காலிலை படும். உச்சிப் பொழுதிலை வைரவர் உலாவுறவர். அவர்தான் எண்டு நினைச்சு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கிட்ட வந்தனான்.”

அவரைக் கைபிடித்து வேலியோரம் விட்டுவிட்டுப் போய்த் தோழி வீட்டில் விசாரித்தோம். சின்ன வயதிலேயே கண் போனவர். தில்லை அண்ணை என்று கூப்பிடுவார்களாம். மத்தியானத்தில் வந்து வைரவருக்குப் பூ வைத்து விளக்கேற்றுவது அவர்தான். நான் காரை நிறுத்தியிருக்காவிட்டால் ஒரு மனிதரைக் கொன்றிருப்பேன். அவரோ கும்பிட்டுக்கொண்டே செத்திருப்பார். அன்று தோழி வைத்த நண்டுக் குழம்பை நான் தொடவில்லை.

பழுதைக் கண்டுபிடித்தது வாசுகி. இரவுச் சாப்பாட்டில் திடீரென்று சொன்னாள்: “வைரவர் மூலையிலை வலப்பக்கம் திரும்பிப் போகேக்கை ஊதாது, இடப்பக்கம் திரும்பி வரேக்கை ஊதும். கொடிகாமத்திலை இடப்பக்கம் திருப்பேக்கை ஊதினது. கராச்சிலையும் ஸ்டியரிங் இடப்பக்கம் ஒடிச்சபடிதானே விட்டனீங்கள். பிழை ஸ்டியரிங்குக்குள்ளை.”

அவள் சொன்னது சரி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருளாக ஒரு பட்டை வயர் இருக்கிறது, ஸ்பைரல் கேபிள் என்பார்கள். அது உள்ளே அறுந்து, இடப்பக்கம் திருப்பினால் மட்டும் முனைகள் முட்டிக்கொண்டிருந்தன. வாங்கிய நாளிலிருந்து நான் கவனியாமல் விட்ட ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு இடைக்கிடை எரிந்ததும் அதனால்தான். திங்கட்கிழமை காலை சுரேன் “எனக்கு இது மூளையிலை ஓடேல்லையே அண்ணை” என்று தலையில் தட்டிக்கொண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பாவித்த கேபிளை எடுப்பித்துப் பூட்டினார். கூலியோடு பதினெட்டாயிரம் ரூபா. நேராக, வலம், இடம், எந்தப் பக்கம் ஒடித்தாலும் ஊதியது.

ஊருக்குத் திரும்பும் நாள் என்றாலும் வைரவர் மூலைக்கே முதலில் போனோம். மூலைக்கு முன்னால் இரண்டு முறை அடித்தேன். நடு வீதியில் நின்ற தில்லை அண்ணை உடனே வேலியோரம் ஒதுங்கினார். எனக்குப் போன உயிர் வந்தது.

இறங்கிப் போய்ச் சொன்னேன். “அண்ணை, சத்தமில்லாமல் போனது எங்கடை கார்தான். ஹோர்ன் பழுது. இப்ப செய்தாச்சு. இனி நடுவிலை நிக்காதேங்கோ.”

அவர் குனிந்து நாயின் தலையைத் தடவினார்.

“தம்பி எப்ப ஊருக்கு வந்தனீங்கள்?”

“வெள்ளிக்கிழமை.”

“புதனும் வந்தது. வியாழனும் வந்தது.”

“அதுவும் வேறை ஏதாவது காராத்தான் இருக்கும் அண்ணை” என்றாள் வாசுகி.

“ஓம் பிள்ளை, இருக்கலாம்” என்றார், எங்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொல்வது போல. “நீங்கள் கவனமாய்ப் போட்டு வாங்கோ.”

காரை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது நாய் எழுந்து ஒதுங்கியது. தில்லை அண்ணை காலால் மணலைத் தடவித் தடவி மறுபடி நடு வீதிக்கு வந்து நின்று கைகளைக் கூப்பினார். வாசுகி அழுதாள்.

இந்தப் பக்கம் காரில் போக இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஹோர்ன் விட்டு விட்டு வேலை செய்தால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்து, நேராகவும் வைத்து அமத்திப் பாருங்கள். திருப்பும் பக்கத்தைப் பொறுத்து ஊதினால் ரிலேயோடு நேரம் வீணாக்க வேண்டாம். ஏர்பேக் உள்ள கார் என்பதால் நீங்களே கழற்றவும் வேண்டாம், பற்றரியைக் கழற்றி வைத்துச் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மணல்மேடுகளுக்கு மாலை நாலு மணிக்குப் பிறகு போவதே நல்லது, தண்ணீர் கொண்டுபோங்கள்.

மத்தியானத்தில் போவதென்றால் வல்லிபுரம் தாண்டி வேப்பமரமும் சூலமும் தெரிகிற மூலையில் கட்டாயம் ஹோர்ன் அடியுங்கள். ஊதாவிட்டால் காரை நிறுத்தி, இறங்கி நடந்து போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சத்தம் கேட்டால் தில்லை அண்ணை ஒதுங்கிவிடுவார். சத்தமில்லாமல் எது வந்தாலும் அதற்கு முன்னால் போய் நிற்பார்.