ஒரே இழுப்பில் அவிழும் டேங்க்

என் கடையில், கண்ணாடி அலமாரிக்கு மேலே ஓர் ஆணியில் இரண்டு இரும்புப் பட்டைகள் தொங்குகின்றன. காரின் பெட்ரோல் டேங்கைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கும் பட்டைகள். உள்பக்கம் ரப்பர் ஒட்டி, நுனியில் போல்ட்டுக்குத் துளை போட்டு நானே செய்தவை. ராமநாதபுரத்தில் வண்டி உதிரிபாகம் விற்கிற எனக்கு, விற்காத சரக்கு எப்போதும் கண்ணை உறுத்தும். இவை மட்டும் தொங்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

என் தங்கை மாப்பிள்ளைக்காகச் செய்தவை அவை. வளைகுடாவில் ஒர்க்‌ஷாப் வேலையை விட்டுப் பெரியபட்டினம் திரும்பியவர், கோயம்புத்தூரிலிருந்து ஒரு காரைத் துண்டு துண்டாக வரவழைத்துத் தானே பூட்டினார். குழாய்ச் சட்டமும் ஃபைபர் உடம்பும் வந்தன, டேங்க் வரவில்லை. அதை மண்டபத்தில் ஒரு படகுப் பட்டறையில் எவர்சில்வர் தகட்டில் செய்துகொண்டார். கார் டேங்குக்குப் படகுப் பட்டறை எதற்கு? எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது.

பொருத்தியதைப் பார்க்கப் போனால், என் பட்டைகள் மூலையில் கிடக்கின்றன. இருக்கைக்குப் பின்னால் டேங்கை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார். நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும் முடிச்சு.

“என்ன மாப்புள, போல்ட் போடலையா?”

“கழட்ட முடியாத டேங்க் எனக்கு வேணாம் மச்சான்,” என்றவர், டீ குடிக்கிறீர்களா என்று பேச்சை மாற்றிவிட்டார்.

எங்கள் கரைக்கு எதிர்க்கரை இன்னொரு நாடு. கள்ளத்தனமாக என்னென்னவோ போகிறது, வருகிறது. செக்போஸ்ட்டில் ஸ்டெப்னியைக்கூடத் தட்டிப் பார்ப்பார்கள். இங்கே நொடியில் கழற்றி மாட்டுகிற டேங்க் எதற்கு? அவர் டீ வாங்கப் போனதும் நானும் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் மந்தமான சத்தம், ஓரத்தில் ணங்கென்று வெற்றுச் சத்தம். உள்ளே இன்னோர் அறை இருந்தது.

தங்கையைக் கேட்டேன். “அவுக எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டாக காக்கா,” என்று அண்ணன் என்னிடம் கையை விரித்தாள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கைக்குழந்தையோடு அந்தக் காரில்தான் பாம்பனில் இருக்கும் எங்கள் சாச்சி, அதாவது சின்னம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தாள். வழியில் போலீஸ் பிடித்தால் இவள் கதி என்ன? பிடிக்காமலே கயிறு தேய்ந்து அறுந்து, டேங்க் உருண்டு தீப்பிடித்தால்?

வெள்ளிக்கிழமை காலையில் யாரையும் கேட்காமல் ஷெட்டுக்குள் போனேன். முடிச்சை உருவி, டேங்கை வெளியே எடுத்துப் புரட்டினேன். அந்த ஓர அறைக்கு வாயே இல்லை. மூடியில்லை, திருகில்லை, சுற்றிலும் ஒரே வெல்டிங். எதையும் உள்ளே வைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. நிமிர்ந்தால் பின்னால் மாப்பிள்ளை நிற்கிறார்.

“அன்னைக்கு நீங்க தட்டுனது டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு மச்சான். வெட்டிப் பாக்கணுமா?”

“எதுக்கு இந்த வெத்து அறை?”

“மிதக்கிறதுக்கு.”

பிறகுதான் சொன்னார். மீன்பிடி வள்ளத்தில் எண்ணெய் கேனை யாரும் முடுக்கி வைப்பதில்லை. உருவு முடிச்சில் கட்டுவார்கள். வள்ளம் கவிழ்ந்தால் கயிற்றை இழுத்துவிட்டு, மிதக்கும் கேனைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம். அவருடைய வாப்பா தன் வள்ளத்தில் புது இன்ஜின் வைத்தபோது, மெக்கானிக் பேச்சைக் கேட்டு டேங்கைப் போல்ட் போட்டு முடுக்கினாராம்.

“கவுந்தப்ப நானும் வாப்பாவும்தான். எல்லாம் சேந்து அடியில போயிருச்சு. புடிச்சுக்கிற ஒண்ணுமில்ல. வேற வள்ளம் வார வரைக்கும் எனக்குத் தம் இருந்துச்சு. வாப்பாவுக்கு இல்ல.” டேங்கைத் தூக்கி நிமிர்த்தி வைத்து, “பாம்பனுக்குப் பாலத்து மேலதான போகணும். கீழ கடல்தான மச்சான்,” என்றார்.

பாலத்திலிருந்து விழுகிற காருக்கு டேங்கா தெப்பம்? கத்த வேண்டும் போலிருந்தது. கத்தாமல் பக்கத்துப் பட்டறைக்குப் போய்ப் புதிதாக இரண்டு பட்டைகள் வளைத்து, போல்ட்டுக்குப் பதில் லாரிக் கதவுக் கொக்கி வைத்துக் கொடுத்தேன். டேங்கை அசையாமல் பிடிக்கும், ஓர் இழுப்பில் விட்டுவிடும். ஆட்டிப் பார்த்தவர், கயிற்றைச் சுருட்டி வைத்தார். மூலையில் கிடந்த பழைய பட்டைகளை நான் கடைக்கு எடுத்து வந்துவிட்டேன்.

இப்போது அவர் மறுபடி வளைகுடாவில். காரை நான்தான் ஓட்டுகிறேன். தங்கையும் பிள்ளையும் ஏறிக்கொள்ள, பாம்பன் பாலம் ஏறியதும் என் ஒரு கை தானாகப் பின்னால் போய்க் கொக்கியைத் தொட்டுப் பார்க்கிறது. கடைக்கு வருகிறவர்கள் ஆணியைக் காட்டி, அந்தப் பழைய பட்டை நன்றாக இறுக்குமா என்று கேட்கிறார்கள். இறுக்கும். அதனால்தான் விற்கவில்லை.