மூவாறு பதினெட்டு மணித்தியாலம்

ஒரே இடத்தில் மட்டும் படிக்கிற பிள்ளையைக் கண்டால் மானிப்பாய் செல்வநாயகி ரீச்சருக்குப் பரிதாபம் வந்துவிடும். தாய்தகப்பன் கவனிக்காத பிள்ளை என்று நினைப்பார். கணவர் காலமான பிறகு தனியாக வளர்த்த ஒரே மகன் கேதீசனை, பள்ளிக்கூடம் விட்ட கையோடு தனியார் வகுப்பு நடக்கும் ரியூட்டரிகளுக்குத் துரத்துவார். கணிதத்துக்கு மானிப்பாய், பௌதிகத்துக்கு யாழ்ப்பாணம், இரசாயனத்துக்குச் சுன்னாகம். பெடியன் வீட்டில் இருந்ததைவிடச் சைக்கிளில் இருந்ததுதான் அதிகம். ஊரில் எல்லாத் தாய்மாரும் அப்படித்தான். ரீச்சர் கொஞ்சம் கூட.

எண்பத்தைந்தில் அந்த ஓட்டம் நின்றது. ஒருநாள் சுற்றிவளைப்பில் அவர்கள் வீட்டு ஒழுங்கையில் இரண்டு பெடியன்மாரை ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். இருவருமே திரும்பவில்லை. கேதீசனுக்குப் பத்தொன்பது வயது. ரீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. மகன் எங்கேயாவது உயிரோடு இருந்தால் போதும் என்றாகிவிட்டது. மாணவர் விசாவில் லண்டனுக்கு அனுப்பிவிட முடிவு செய்தார்.

லண்டனில் இருந்த தம்பிக்குக் கடிதம் போட்டுக் கல்லூரியில் இடம் எடுக்கச் சொன்னார். அதுவும் தனக்குத் தெரிந்த முறையில்: கணிதத்துக்கு ஒன்று, பௌதிகத்துக்கு இன்னொன்று, கணக்கியலுக்கு வேறொன்று. ஒவ்வொன்றிலும் கிழமைக்கு ஆறு மணித்தியாலம். மூன்று அனுமதிக் கடிதங்களோடும் விண்ணப்பம் கொழும்பிலுள்ள பிரிட்டிஷ் விசா அலுவலகத்துக்குப் போனது. ஒரு கடிதம் வைத்திருப்பவனுக்கே விசா கொடுக்கிறவர்கள் மூன்று வைத்திருப்பவனை மாலை போட்டல்லவா வரவேற்க வேண்டும்?

மறுத்துவிட்டார்கள். ஒரே கல்லூரியில் கிழமைக்குப் பதினைந்து மணித்தியாலமாவது பகல் வகுப்பு இருக்க வேண்டுமாம். அப்படி இல்லாததால், படிக்கும் நோக்கம் உண்மையானது என்று நம்ப முடியவில்லையாம்.

"மூவாறு பதினெட்டெல்லோ! மூண்டு மணித்தியாலம் கூடவெல்லோ கிடக்கு!" என்று ரீச்சர் கொதித்தார்.

மேன்முறையீட்டைத் தானே எழுதினார். ஒன்பது பக்கம். மூன்று ரியூட்டரிக்குப் போகாமல் யாழ்ப்பாணத்தில் எவனும் டொக்டராகியதில்லை என்று பெயர், ஊர், பெறுபேறுகளோடு நிறுவியிருந்தார். பக்கத்து வீட்டுத் தில்லைநாதன், கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் ஒருவரிடம் கிளாக்கராக இருந்தவர். அவரிடம் காட்டினார்.

"உதை வாசிச்சு முடிக்கவே அவங்களுக்குப் பதினைஞ்சு மணித்தியாலம் வேணும் ரீச்சர்," என்றார் அவர். "தம்பியாரைக் கொண்டு ஒரே இடத்திலை பதினைஞ்சு மணித்தியாலத்துக்குக் கடிதம் எடுப்பியுங்கோ. மிச்சத்தை நான் எழுதிறன்."

புதிய கடிதம் வந்ததும் தில்லைநாதன் ஒரே பக்கத்தில் எழுதி முடித்தார். கடைசி வரி: 'படிப்பு முடிந்ததும் தாமதமின்றி நாடு திரும்புவேன்.'

ரீச்சர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். "உந்த வசனம் கட்டாயம் வேணுமோ அண்ணை?"

"ஓம். அது இல்லாட்டி விசாவும் இல்லை."

கேதீசன் கையெழுத்து வைத்தான். மூன்றாம் மாதம் மேன்முறையீடு ஏற்கப்பட்டது. படிப்பு முடியும் வரைக்கும் மட்டும் விசா.

மகன் போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்த அன்று ரீச்சர் மருதடிப் பிள்ளையாரிடம் போனார். ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்: "மகன் சோதினை பாஸ் பண்ண வேணுமெண்டு தானே ரீச்சர்?"

"ஓம் ஐயா," என்று தலையாட்டினார்.

ஐயர் உள்ளே திரும்பியதும் ரீச்சர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "அப்பனே, அவன் ஒருக்காலும் பாஸ் பண்ணக் கூடாது," என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.