சீர்த்தட்டில் வைத்த கார்

1. கோயமுத்தூர்ப் பதில்

பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மிஷினில் உடைந்த நீடில்களை மாற்றிக்கொண்டிருந்தேன். கை முழுக்க எண்ணெய். முதலாளி நேராக என் பக்கத்தில் வந்து நின்றார். ஆபீஸ் அறையை விட்டு அவர் ஷெட்டுக்குள் வந்தால் ஏதோ மிஷின் நின்றுபோயிருக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். அன்று இரண்டும் இல்லை.

"காதர் பாய், ஒரு காரு செய்யோணுங்க" என்றார்.

"காருங்களா?"

"ஆமாங்க. அம்பாசிடரு. தட்டத்துல வெக்கற அளவுக்கு."

அவருக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்று பார்த்தேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய ஒரே மகள் ருக்மணிக்கு மூலனூர்ப் பக்கம் ஒரு பெரிய தோட்டக்காரர் வீட்டில் சம்பந்தம் முடிந்திருந்தது. சீரில் ஒரு கார் என்று பேச்சு. அது அறுபதுகள். கார் வேண்டுமென்றால் கடைக்குப் போய் வாங்கிவர முடியாது. பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முகூர்த்தத்துக்குள் வந்துவிடும் என்று கோயமுத்தூர் டீலர் சொல்லியிருந்தார். இப்போது வராது என்று கையை விரித்துவிட்டார். கல்யாணத்துக்குப் பத்து நாள்கூட இல்லை.

பேசிய சீர் ஊர் பார்க்க மண்டபத்துக்குள் வர வேண்டும். தட்டத்தில் ஏறுகிறது தட்டத்தில் வரும், ஏறாதது வாசலில் நிற்கும். எதுவுமே கண்ணில் படாமல் "அப்புறம் வரும்" என்று சொன்னால் சபையில் சிரிப்பார்கள். "உருவமாச்சும் வந்துரட்டும், நெசம் பின்னால வந்துக்கும்னு சம்மந்தி சொல்லீட்டாருங்க" என்றார் முதலாளி.

என்னிடம் ஏன் வந்தார் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அப்போது மிஷினுக்கு ஸ்பேர் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வர லைசென்ஸ் வேண்டும். அதனால் உடைந்த பாகத்தைப் பார்த்து இன்னொன்றை அரத்தால் ராவியே உண்டாக்குகிறவன்தான் ஃபிட்டர். இல்லாத சாமானைச் செய்கிற ஆள் என்று கம்பெனியில் எனக்குப் பெயர். அந்தப் பெயர்தான் என்னை மாட்டிவிட்டது.

2. கொண்டை ஊசியும் எக்ஸ்ரேயும்

தெருவில் நின்ற ஒரு அம்பாசிடரை டேப் வைத்து அளந்தேன். வண்டியின் டிரைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒன்றேகால் அடி நீளத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டேன். பாடிக்குப் பிஸ்கட் டின் தகடு. அம்பாசிடருக்கு எங்கே பார்த்தாலும் உருண்டை. தகட்டை நேராக வளைத்தால் அது டிரங்குப் பெட்டி மாதிரி ஆகிவிடும். பானெட்டின் உருண்டைக்குத் தேங்காய்த் தொட்டியின் மேல் தகட்டை வைத்து மரச் சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டி எடுத்தேன். மட்கார்டுக்குக் குழிக்கரண்டியின் முதுகு. பம்பர் ஒரு எவர்சில்வர் கரண்டியின் காம்பு. சாம்பாருக்குக் கரண்டியைக் காணோம் என்று என் வீட்டுக்காரி ஒரு வாரம் பேசினாள். பேசட்டும், அது மாதிரி பளபளப்பு வேறு எதில் கிடைக்கும்?

டயருக்கு அறுந்த ஹவாய் செருப்பு. வட்டமாக வெட்டி, ஆணியில் கோத்துச் சுழலவிட்டு, உப்புத்தாள் பிடித்தால் சுத்தமான வட்டம் வந்துவிடும். வீல் கப்புக்கு டானிக் பாட்டில் மூடி. ஸ்டியரிங்குக்குத் திரைச்சீலை வளையம். வெளிக் கைப்பிடிக்கு என் கம்பெனியின் ஒடிந்த நீடில். சீட்டுக்குப் பனியன் வேஸ்ட். ஹெட்லைட்டுக்கு இரண்டு டார்ச் பல்பு. டிக்கிக்குள் பேட்டரி வைத்து அதை எரியவும் விட்டேன்.

மீதிச் சாமான்களை எடுத்துக்கொடுத்தது ருக்மணிதான். அவர்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்துதான் வேலை செய்தேன். கல்யாணப் பெண் என்ற அடக்கமெல்லாம் அவளிடம் இல்லை. என் முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். முன் கிரில்லுக்கு என்ன செய்வது என்று நான் யோசித்தபோது, தலையிலிருந்து கொண்டை ஊசிகளை உருவிக் கையில் கொடுத்தாள். வரிசையாக வைத்து ஈயம் பற்றவைத்தால் கிரில் அச்சாக அமைந்துவிட்டது.

கண்ணாடிக்குத்தான் திண்டாடினேன். எக்ஸ்ரே ஃபிலிமை வாஷிங் சோடா கலந்த வெந்நீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் கறுப்பு உரிந்து தெளிவாகிவிடும், எங்காவது பழைய ஃபிலிம் கிடைக்குமா என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு உறையை எடுத்துவந்தாள். அவளுடைய அம்மாவின் நெஞ்சுப் படம். அந்த அம்மாள் நுரையீரல் நோவில் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது.

"வேண்டாம் அம்மிணி, நா வேற பாத்துக்கறேன்."

"பீரோக்குள்ள கெடந்து என்னங்கண்ணா பண்ணப்போவுது? என்கூடக் கார்ல வரட்டும்."

வெந்நீரில் போட்டுத் தேய்த்தேன். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கரைந்து போயின. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், எழுந்து போகவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

கதவுகளை நான் வெறும் கோடாகப் போட்டுவிடலாம் என்றிருந்தேன். அவள் விடவில்லை.

"பின்னாடிக் கதவு தெறக்கோணுங்கண்ணா."

"தட்டத்துல போற காருக்கு எதுக்கு அம்மிணி?"

"நா அங்கதான ஒக்காருவேன்? ஆடிக்கு அப்பாவப் பாக்க அதுல ஏறித்தான வரோணும்?"

ஊக்குக் கம்பியை வெட்டிக் கீலாக்கி நாலு கதவும் திறக்கிற மாதிரியே செய்துகொடுத்தேன். அந்த ஊரிலிருந்து இங்கே வர தாராபுரத்தில் பஸ் மாற வேண்டும். அவளுக்குக் கார் என்றால் நகை மாதிரி அல்ல. அப்பாவிடம் வருவதற்கு ஒரு வழி.

3. மண்டபம்

கல்யாணத்தன்று தட்டங்கள் வரிசையாக வந்தபோது, பழத்தட்டுக்கும் பட்டுக்கும் நடுவில் என் கார் லைட்டு எரிய வந்தது. சனம் எழுந்து நின்று பார்த்தது. மாப்பிள்ளையின் அப்பா அதைக் கையில் வாங்கி ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார்.

"பிரமாதமுங்க. இதயே இப்படிச் செஞ்சிருக்கீங்கன்னா பெரிய காரு எப்படி இருக்குமுங்க!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். நான் பந்தியில் உட்கார்ந்து ஒரு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டேன்.

4. ஆடி, தீபாவளி

ஆடிக்குப் பெண்ணை அழைக்க முதலாளி போனார். தனியாகத் திரும்பி வந்தார். சம்பந்தி சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம், "காரு வந்துரட்டுமுங்க, அதுலயே வரட்டும்" என்று. தலை தீபாவளிக்கும் அதே பதில். வாடகைக் கார் பேசி வருகிறேன் என்று முதலாளி கேட்டுப் பார்த்தார். "வாடகைக் கார்ல எங்கூட்டு மருமவ வந்து எறங்குனா மருவாதிங்களா? சொந்தக் காருன்னு சபையில வெச்சீங்களே" என்றார்களாம். ஒரு குரல் உயரவில்லை, ஒரு 'ங்க' குறையவில்லை. எங்கள் பக்கத்துக் கொடுமைக்கு மரியாதை ரொம்ப அதிகம்.

கார் வரவில்லை. டீலரிடம் கேட்டால் வரிசையைச் சொன்னார். முதலாளி போய்ப் பார்த்தால் கூடத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்புவார்கள். மகளோடு தனியாகப் பேச வாய்க்காது. கண்ணாடி பீரோவில், வருகிறவர் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, நான் செய்த கார் நின்றதாம். வாயால் சொன்ன வார்த்தையாக இருந்தால் நாலு மாதத்தில் மங்கிப்போயிருக்கும். இது தினமும் அவர்கள் கண் முன்னால் பளபளத்துக்கொண்டு நின்றது.

5. ரிப்பேர்

மூன்றாவது வருஷம் அந்த வீட்டு ஆள் ஒருவர் துண்டில் சுற்றிய காரோடு கம்பெனிக்கு வந்தார்.

"லைட்டு எரியறதில்லீங்க. சின்னவருக்குப் பொண்ணு பேசறாங்க. வர்ற சனத்துக்குக் காட்டோணும், சரிபண்ணிட்டு வான்னு பெரியவரு அனுப்புனாருங்க."

எதற்குக் காட்ட வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. அடுத்த சம்பந்திக்கு அளவு காட்ட. காரை வாங்கினேன். பல்பை மாற்றினேன், ஒயர் விட்டுப்போயிருந்ததைப் பற்றவைத்தேன். அப்புறம் வழக்கப்படி மற்ற பாகங்களைப் பார்த்தேன். ரிப்பேருக்கு வந்த மிஷினைச் சொன்ன இடத்தோடு விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

முன் கதவுகள் இரண்டும் இறுக்கமாக இருந்தன. பின்னால் வலது கதவும் அப்படியே, நான் அடித்த பெயின்ட்கூட மடிப்பில் உடையவில்லை. பின்னால் இடது கதவு மட்டும் தொங்கியது. கீல் கம்பி நடுவில் தேய்ந்து நூலாக ஒடுங்கியிருந்தது. தகட்டில் கம்பி போகிற துளை நீண்டுபோயிருந்தது. கதவின் ஓரத்தில், நகம் கொடுத்துத் திறக்கிற இடத்தில், பெயின்ட் போய் வெறும் தகரம் தெரிந்தது.

குழந்தை விளையாடியிருந்தால் நாலு கதவும் போயிருக்கும், வீல் கழன்றிருக்கும். விருந்தாளிகள் பார்த்திருந்தால் முன் கதவும் தேய்ந்திருக்கும். அந்த வீட்டில் வேலையெல்லாம் முடிந்தபின், யாரும் இல்லாதபோது, பீரோவைத் திறந்து அந்த ஒரு கதவை மட்டும் திறந்து மூடித் திறந்து மூடி ஒருத்தி நின்றிருக்கிறாள். எத்தனை ஆயிரம் தடவை நின்றால் ஊக்குக் கம்பி அப்படித் தேயும் என்று எனக்குத் தெரியும். தேய்மானம் பார்ப்பதுதான் என் தொழில்.

காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனேன். முதலாளியிடம் கதவைக் காட்டி விவரத்தைச் சொன்னேன். அவர் கதவை ஒரு தடவை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"நாளைக்கே போயிக் கூட்டியாந்தர்றனுங்க பாய். பஸ்ஸுலயே" என்றார்.

கதவுக்குப் புதுக் கம்பி போட்டுத்தான் வந்த ஆளிடம் கொடுத்தேன். இறுக்கமாகப் போடாமல் லேசாகத் திறக்கிற மாதிரி போட்டேன். வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும்?

மறுநாள் முதலாளி போனார். வாசலிலேயே சம்பந்தி எழுந்து வந்து கும்பிட்டாராம். "வாங்க வாங்க. வண்டிய எங்கீங்க நிறுத்தியிருக்கீங்க?" என்று தெருவை எட்டிப் பார்த்தாராம். கூடத்தில் நாலு பேர் இருந்திருக்கிறார்கள். முதலாளி கேட்க வந்ததைக் கேட்காமலே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாராம். ருக்மணி மோர் கொண்டுவந்து கொடுத்தாளாம். டம்ளரை வாங்கும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை என்று என்னிடம் சொன்னார். "பாத்திருந்தா அங்கயே ஒடஞ்சிருப்பனுங்க பாய்" என்றார்.

6. தாராபுரம் பஸ்

அந்த மாதமே முதலாளி நூல் குடோனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகளை உடனே அனுப்பும்படி மூலனூருக்குத் தந்தி கொடுத்தேன். நான்தான் பக்கத்தில் இருந்தேன். வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் கண்ணைத் திறப்பார்.

"வந்துட்டாளுங்களா பாய்?"

"வந்துட்டே இருக்காங்க மொதலாளி."

இரண்டாம் நாள் மத்தியானம் போய்விட்டார். யாரும் வரவில்லை. இன்னொரு தந்தி கொடுத்தோம். சாவுச் செய்திக்கு மட்டும் பதில் உடனே வந்தது. சாயங்காலத்துக்குள் அவர்கள் எல்லோரும் ஒரு அம்பாசிடரில் வந்து இறங்கினார்கள். வாடகைக் கார். இழவு வீட்டில் ஊர் கூடியிருக்கும் அல்லவா, பஸ்ஸில் வந்து இறங்கினால் மரியாதை என்ன ஆகும்! அந்தக் காரைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்றுவரை அடங்கவில்லை. மூன்று வருஷமாக மூலனூரில் வாடகைக் கார் ஓடாமலா இருந்தது?

ருக்மணி அழவில்லை. அப்பாவின் காலடியில் உட்கார்ந்தவள் எடுக்கும் வரை எழவில்லை.

காரியமெல்லாம் முடிந்து புறப்படுகிற அன்று வாசலில் வாடகைக் கார் நின்றது. மாமனார் ஏறி உட்கார்ந்துவிட்டார். புருஷன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் படியை விட்டு இறங்கவில்லை.

"நீங்க அல்லாரும் கார்ல போங்க. நா பஸ்ஸுல வந்தர்றனுங்க" என்றாள்.

மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கார் அவள் இல்லாமல் போயிற்று.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் கூடப் போனேன். தாராபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் முகம் உடைந்தது.

"இவ்வளவுதானுங்களாண்ணா? இதுல ஏறி ஒக்காந்திருந்தா வந்திருப்பேன். யாரு என்னை என்ன பண்ணியிருப்பாங்க? காரு வரட்டும் காரு வரட்டும்னு நானும்ல நின்னுட்டேன்."

"உன்மேல தப்பில்ல அம்மிணி" என்றேன். அது அவள் காதில் விழவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

பிற்பாடு நான் வேறு கம்பெனிகளில் ஃபோர்மேனாக இருந்தேன். பொம்மைக் கார் செய்துதரச் சொல்லிப் பலர் வந்தார்கள், மாட்டேன் என்றுவிட்டேன். வேலையில் நான் கற்றது எத்தனையோ, இளையவர்களுக்கு இங்கே எழுத விரும்புவது ஒன்றுதான். அப்பாவைப் பார்க்கணும், அம்மாவைப் பார்க்கணும் என்று யார் லீவு கேட்டாலும், ஆர்டர் அவசரமா, மிஷின் நிற்குமா என்று நான் பார்த்ததில்லை. இன்றைக்கே கிளம்பு, கிடைக்கிற பஸ்ஸில் ஏறு என்று அனுப்பிவிடுவேன். அதற்காக முதலாளிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். திட்டட்டும் என்று இருந்துவிட்டேன்.