தெரியாது என்று சொன்ன இரண்டு நாட்கள்

1996 பெப்ரவரி 11, ஞாயிறு, காலை 7.20. வெப்பம் இரண்டு பாகை, விட்டுவிட்டுத் தூறல். லண்டனுக்கு வடக்கே ஒரு நீர்த்தேக்கத்தில் நானும் டெஸ்மண்டும் பறவைகளை எண்ணத் தொடங்கினோம். மழையிலும் அவர் மேலங்கியின் தலைமூடியைத் தலைமேல் இழுத்துக்கொள்ளமாட்டார். பளிச்சென்ற மஞ்சள் சட்டை, கழுத்தில் பறவையாளர் சங்க அட்டை, பையில் சங்கக் கடிதம். "வாத்தைப் பார்க்க இத்தனை அத்தாட்சியா?" என்று முதல் குளிர்காலத்திலேயே கேட்டிருந்தேன். "கறுப்பன் பைனாகுலரைத் தூக்கினால் வாத்தைப் பார்க்கிறான் என்று யாரும் நினைப்பதில்லை, மாஸ்டர்," என்று சிரித்தார். ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்களின் மகன், இங்கேயே பிறந்தவர். வாத்தியாரான என்னை ஊரார் அழைத்த பெயரை அவரும் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் கறுப்புத்தான், ஆனால் குடை பிடித்த நரைத்தாடிக் கிழவனை யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஆளுக்கொரு கரை. 8.05க்கு மறுகரையில் மஞ்சள் சட்டையின் இருபுறமும் இரண்டு பொலிஸ்காரர்கள். 614 எட்டு வைத்துப் போய்ச் சேர்ந்தேன். யாரோ வீடுகளை நோட்டம் விடுவதாக, நாயுடன் உலாவிய ஒரு பெண் அறிவித்திருக்கிறாள். "நாங்கள் சேர்ந்து எண்ணுகிறவர்கள். அவரை எனக்குத் தெரியும், கேளுங்கள்," என்று என்னைக் காட்டினார் டெஸ்மண்ட்.

உயரமான பொலிஸ்காரன் என் பக்கம் திரும்பினான். "இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மட்டக்களப்பில், தன்னாமுனை இராணுவச் சுற்றிவளைப்பில், சாக்கால் முகம் மூடிய ஒருவன் முன்னால் எங்களை வரிசையாக விட்டார்கள். அவன் தலையாட்டினால் ஆள் டிரக்கில். ஞாயிறுதோறும் நான் வாவியில் பறவை எண்ணத் தோணி வலித்த கணபதியைக் காட்டி, தெரியுமா என்று அதிகாரி கேட்டான். ஒருவன் அகப்பட்டால் அவனைத் தெரிந்தவனும் அகப்பட்ட காலம் அது. தெரியாது என்றேன். இருவரும் வீடு திரும்பினோம். மாலையில் கணபதி படலையடியில் நின்று சிரித்தான்.

"நல்லாச் சொன்னீங்க மாஸ்டர். நானும் இந்த மனிசன்ட மூஞ்சிய கண்டதே இல்லெண்டுட்டன். நாளைக்கு ஆரோட தோணியில வாறீங்க?"

"தெரியாதவனோட."

அந்தச் சொல்தான் ஆறு வருடத்துக்குப் பிறகு லண்டனிலும் தானாக வாயில் வந்தது. "இல்லை, தெரியும், என் நண்பர்!" என்று உடனே கத்தினேன். "எது உண்மை?" என்றான் பொலிஸ்காரன். டெஸ்மண்டின் கைகளைக் காரின் மேல் வைக்கச் சொல்லிச் சோதித்தார்கள். சங்கச் செயலாளர் வந்து சொல்லும்வரை நாற்பத்திரண்டு நிமிடம் தூறலில் நின்றார். தலைமூடியை அப்போதும் இழுக்கவில்லை.

அவர்கள் போனபின் கணபதியின் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"கணபதியும் உங்களைத் தெரியாது என்றார், மாஸ்டர். நான் தெரியும் என்றேன்."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. என் கரையில் 212 வாத்துகள். மறுகரை அவருடையது, எண்ணவில்லை. எண்ணியவர்கள் எத்தனை பேர் என்று படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு. நான்கு குளிர்காலமாக அதில் 2 என்று எழுதிவந்தோம். 1 என்று எழுதினேன்.