கணவாய்க்குப் பேண்டேஜ் துணி

எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. லீவு நாளானால் தூண்டில் போட்டுக் கணவாய் மீன் பிடிக்கிற பைத்தியம். இறால் போல ஒரு பொம்மை, வால் பக்கம் கொக்கிக் கொத்து. அதற்கு ஜிக் என்று பெயர். பொம்மையின் உடம்பில் துணி சுற்றியிருக்கும். கணவாய் கடித்துக் கிழிந்துபோனால் புதிதாகச் சுற்ற வேண்டும். அந்தத் துணிக்காக மாமா மாதம் தவறாமல் இராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு பஸ் ஏறி வந்தார்.

அப்பாவின் தங்கையான அத்தை பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தாள். கழிவுத் துணியைக் கொண்டுவந்து சாயம் தோய்த்து வைப்பாள். ஒரு பொம்மைக்கு விரலளவு துணி போதும். தூத்துக்குடியில் துணிக்கடையே இல்லையா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நல்ல குடும்பம்!

அன்று மொட்டைமாடியில் மாமா துணி சுற்ற, நான் பசை டப்பாவோடு பக்கத்தில் இருந்தேன். அத்தை சாயத்துணியை உதறிக் காயப்போட்டாள்.

"கலங்குன தண்ணிக்குச் செவப்பு. தெளிஞ்ச தண்ணிக்கு நீலம்," என்றார் மாமா.

"பொறவு?" அத்தை கடுகடுவென்று கேட்டாள்.

"எறிஞ்சு, எறங்க விட்டு, ரெண்டு தரம் வெட்டி இழுக்கணும். பொறவு செத்த நேரம் சும்மா விடணும். அப்பத்தான் கணவாய் வந்து கட்டிப் பிடிக்கும்."

சொல்லிவிட்டு மாமா ஏனோ தலையைக் குனிந்துகொண்டார்.

"ரொம்ப நேரம் சும்மா விட்டா?"

"பாறையில மாட்டிக்கும். அம்புட்டுதான்."

"நாளைக்கு வத்திராயிருப்புலருந்து என்னைப் பொண்ணு பாக்க வாராக. நீங்க இன்னும் எம்புட்டு நேரம் சும்மா விடப் போறீக?"

மாமா தேள் கொட்டிய திருடன்போல விழித்தார். பிறகு பொம்மையை அப்படியே போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார். எனக்கு அத்தை மேல் கோபம் கோபமாக வந்தது. பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற மனுஷனிடம் இப்படியா எரிந்து விழுவது? அத்தையோ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே பேச்சு கேட்கிறதா என்று மூச்சுவிடாமல் நின்றாள்.

"அத்தான், ஒரு விசயம்," என்று மாமா தொடங்கியது கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அப்பா சத்தமாகச் சிரித்தார்.

"ஏலே, இதைக் கேக்கவா ஒரு வருசமா துணி வாங்க வந்தே?"

அத்தை அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பாவமாக இருந்தது. கிட்டப்போய்க் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாத அத்தை. வத்திராயிருப்புலதான் கடலே இல்லையே, அவுகளுக்கு எதுக்குத் துணி? அம்புட்டையும் மாமாவுக்கே குடுத்திருவோம்."

அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். வழக்கைத் தீர்த்துவைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.